மாஸ்டர் காப்பி யாருக்குச் சொந்தம்? - கல்யாண சி.டி.யின் கதை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அடுத்தபடியாக எதற்குப் பஞ்சமில்லை என்று கேட்டால் கல்யாண மண்டபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மண்டபம் இருந்தால் வீடியோக்காரர் இருப்பார். வீடியோக்காரர் இருந்தால், முகூர்த்தம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, நாம் நாலு தடவை போன் போட்ட பிறகு, அவரிடமிருந்து ஒரு போன் வரும். "சி.டி. ரெடிங்கண்ணா, வந்து வாங்கிக்கோங்க."

அந்த சி.டி.யின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த சி.டி.யை நாமே இன்னொரு காப்பி போட்டுக்கொள்கிற மாதிரி ஃபைலாகத் தயார் செய்து கொடுக்கிற வழக்கம் எப்போது வந்தது, அதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்பது. பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. இதில் காஸ்டிங் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஜாப் ஒர்க்கும் இருக்கிறது. திருப்பூர்க்காரனுக்கு வேறென்ன வேணும் :-)

கேசட்டில் இருந்து ஆரம்பிப்போம். ஜே.வி.சி. கம்பெனி ஜப்பானில் வி.ஹெச்.எஸ். கேசட்டை வெளியிட்டது 1976-ல். நம் நாட்டில் 1982 டெல்லி ஏஷியாட் சமயத்தில் கலர் டி.வி. வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் வி.சி.ஆரும் பரவியது. நம் ஊர்ப்பக்கம் அதற்குப் பெயர் 'டெக்'. டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பார்த்த கதையை எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்லுவார்கள். கல்யாண வீடியோவும் அந்தக் காலத்துச் சரக்குதான். தோளில் பெரிய கேமரா, பின்னால் வயரைச் சுற்றிக்கொண்டே ஓடும் லைட் பாய், ஹாலோஜன் விளக்கின் சூட்டில் வேர்த்துக் கொட்டும் மாப்பிள்ளை.

அந்தக் காலத்தில் இன்னொரு காப்பி வேண்டுமென்றால் இரண்டு டெக்கை வயர் போட்டு இணைத்து ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவு செய்ய வேண்டும். கல்யாணம் மூன்று மணி நேரம் என்றால் காப்பி போடவும் மூன்று மணி நேரம். குறுக்குவழியே கிடையாது. அதோடு ஒவ்வொரு காப்பிக்கும் படம் கொஞ்சம் மங்கும், கலர் கொஞ்சம் வழியும். காப்பியில் இருந்து காப்பி, அதிலிருந்து இன்னொரு காப்பி என்று போனால் மணப்பெண்ணும் மணப்பெண்ணின் சித்தியும் ஒன்றுபோலத் தெரிவார்கள். அதனால்தான் 'மாஸ்டர் கேசட்' என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை. மாஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் நல்ல காப்பி கிடைக்கும். ஸ்டூடியோக்காரர் கூடுதல் காப்பிக்குக் காசு கேட்டதில் அன்றைக்கு நியாயம் இருந்தது. கேசட் விலை, மூன்று மணி நேர மிஷின் தேய்மானம், கூட இருக்கும் பையனின் கூலி. காஸ்டிங் வாத்தியார் பாஷையில் சொன்னால் மார்ஜினல் காஸ்ட் நிஜமாகவே இருந்தது.

இந்தக் கணக்கைக் கவிழ்த்தது வி.சி.டி. சோனி, பிலிப்ஸ், மட்சுஷிடா, ஜே.வி.சி. நாலு பேரும் சேர்ந்து 1993-ல் 'வொயிட் புக்' என்று ஒரு விதிமுறை போட்டார்கள். சாதாரண ஆடியோ சி.டி. அளவுத் தட்டில் 74 நிமிடம் படமும் பாட்டும். அதே வருடம் சீனாவின் ஹெஃபெய் நகரத்தில் வான்யான் என்ற கம்பெனி வி.சி.டி. பிளேயர் செய்துவிட்டது. அதற்கப்புறம் சீனாவிலிருந்து மலிவு விலை பிளேயர்கள் ஆசியா முழுக்கப் பாய்ந்தன. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வி.சி.டி.யைச் சட்டை செய்யவே இல்லை. அவர்கள் வி.ஹெச்.எஸ்.ஸில் இருந்து நேராக டி.வி.டி.க்குத் தாவினார்கள். நமக்கோ மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும் கவலை. பூஞ்சை பிடிக்காத தட்டு கிடைத்ததும் பிடித்துக்கொண்டோம்.

வி.சி.டி.யில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிதான். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் குட் மார்னிங் வீடியோவே இதைவிடப் பெரிசு. ஆனால் அன்றைய டி.வி.யில் வி.ஹெச்.எஸ். தரத்துக்கு இது குறைச்சலாகத் தெரியவில்லை. முக்கியமான விஷயம், இது டிஜிட்டல். நூறாவது காப்பியும் முதல் காப்பியும் ஒன்றுதான். காப்பி போட ஆகும் நேரம் மணிக்கணக்கில் இருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கியது. மார்ஜினல் காஸ்ட் ஒரு வெற்று சி.டி.யின் விலைக்கு வந்தது.

அப்படியானால் வாடிக்கையாளரே வீட்டில் காப்பி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் முயற்சி செய்தார்கள். சி.டி.யைத் திறந்தால் உள்ளே எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஏவிசீக்01 என்ற பெயரில் பெரிய டாட் ஃபைல் ஒன்று. காப்பி, பேஸ்ட், வெற்று சி.டி.யில் எழுது. கம்ப்யூட்டரில் ஓடும். பெரியப்பா வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்'. ஸ்டூடியோக்காரர் ஏதோ பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் எந்தப் பூட்டும் கிடையாது.

கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சி.டி. என்பது சின்னச் சின்ன செக்டார்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு நீண்ட சுருள். ஒரு செக்டாரில் மொத்தம் 2352 பைட். சாதாரண டேட்டா சி.டி.யில் அதில் 2048 பைட்தான் நம் சரக்குக்கு. மீதியில் பெரும்பங்கு பிழை திருத்தத்துக்குப் போகிறது. தட்டில் கீறல் விழுந்தாலும் விட்டுப்போன எழுத்தைக் கணக்குப் போட்டு மீட்க அந்த இடம் வேண்டும். எக்செல் ஃபைலில் ஒரு எண் மாறினால் பேலன்ஸ் ஷீட்டே டாலி ஆகாது அல்லவா? ஆனால் படத்தில் ஒரு புள்ளி தப்பானால் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் வி.சி.டி.யை வடிவமைத்தவர்கள் படம் இருக்கும் செக்டார்களில் அந்தப் பிழை திருத்தத்தைத் துறந்துவிட்டு 2324 பைட் சரக்கு ஏற்றினார்கள். 700 எம்.பி. என்று அச்சடித்த தட்டில் ஏறக்குறைய 800 எம்.பி. வீடியோ, அதாவது 80 நிமிடம் ஏறும் ரகசியம் இதுதான்.

நாம் டாட் ஃபைலைக் காப்பி செய்து டேட்டா சி.டி.யாக எழுதும்போது இந்த செக்டார் அமைப்பே மாறிவிடுகிறது. பிளேயர் தேடுவது 2324 பைட் செக்டார்களை. நாம் கொடுப்பது 2048. போதாக்குறைக்கு எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் வி.சி.டி. ஃபோல்டரில் உள்ள குட்டிக் குட்டி ஃபைல்களும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அது ஒரு முகவரி நோட்டு மாதிரி. வீட்டைப் பெயர்த்து வேறு தெருவில் வைத்துவிட்டு பழைய முகவரி நோட்டைக் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்?

ஆகவே வாடிக்கையாளர் தானே காப்பி போட வேண்டுமென்றால் அவருக்கு வெறும் வீடியோ ஃபைல் போதாது. தட்டின் மொத்த அமைப்பையும் அப்படியே வார்த்தெடுத்த 'இமேஜ்' ஒன்று வேண்டும். வி.சி.டி.க்கு அது பின், கியூ என்று இரண்டு ஃபைலாக வரும். பின் ஃபைலில் தட்டின் மொத்தச் சரக்கு. கியூ என்பது அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் நாலு வரிக் குறிப்பு. நீரோ மென்பொருள் வைத்திருந்தவர்கள் அதன் சொந்த வடிவமான என்.ஆர்.ஜி.யில் வைத்துக்கொண்டார்கள்.

நீரோ என்றதும் ஒரு கொசுறு. ஜெர்மனியின் அஹெட் சாஃப்ட்வேர் 1997-ல் வெளியிட்ட இந்த மென்பொருளின் முழுப்பெயர் 'நீரோ பர்னிங் ராம்'. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதை சொல்லப்படும் மன்னனின் பெயரை வைத்து ஒரு சிலேடை. ஐகானில் கொலோசியம் தீப்பற்றி எரியும். நீரோ செத்தது கி.பி. 68-ல், கொலோசியம் கட்ட ஆரம்பித்ததே அதற்குப் பின்னால்தான். வரலாறு தெரிந்தவர் யாரும் அந்த ஆபீசில் இல்லை போலிருக்கிறது.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். இங்கே பனியன் தொழிலில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருப்பவர்களுக்கு 'பஞ்சிங்' தெரியும். ஒரு டிசைனைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாகக் குறித்து டி.எஸ்.டி. ஃபைலாக மாற்றுவது. தஜிமா என்ற ஜப்பான் மிஷின் கம்பெனியின் வடிவம் அது. மற்ற மிஷின்களும் அதைப் படிக்கும். ஒரு காலத்தில் பிளாப்பியில் போட்டு எடுத்துப் போவார்கள். பஞ்சிங் செய்பவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். ஃபைலைக் கையில் வைத்திருக்கும் பார்ட்டி எந்த யூனிட்டில் வேண்டுமானாலும் கொடுத்து ஆயிரம் பீஸ் ஓட்டிக்கொள்ளலாம். பஞ்சிங்குக்குத் தனிக் கூலி, பீஸுக்குத் தனிக் கூலி. ஊரே இப்படித்தான் ஓடுகிறது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம். துணி மட்டும் எப்போதும் பார்ட்டியுடையது.

இதே ஊரில் கல்யாண வீடியோ மட்டும் ஏன் அப்படி ஓடவில்லை? வேலைக்கு ஒரு கூலி, காப்பிக்குத் தனிக் கூலி என்று பிரித்து, ஃபைலைப் பார்ட்டியிடம் கொடுத்திருக்கலாமே? எனக்கு இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையையே எழுத வைத்தது. எங்கள் சித்தப்பா ஒருவர் அந்தக் காலத்தில் ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸிங் வேலை பார்த்தவர் (சினிமாக்காரர்கள் எடிட்டிங் என்பதைக் கல்யாண வீடியோக்காரர்கள் மிக்ஸிங் என்பார்கள்). அவரைக் குடைந்ததில் கிடைத்த பதிலும் நான் போட்ட கணக்கும் ஒத்துப்போகின்றன.

முதல் காரணம் இடம். மினி டி.வி. டேப்பில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. பிடிக்கும். மூன்று டேப் என்றால் 39 ஜி.பி. 2003 வாக்கில் ஒரு கம்ப்யூட்டரின் மொத்த ஹார்டு டிஸ்க்கே 40, 80 ஜி.பி.தான். அடுத்த முகூர்த்தம் வந்தால் போன முகூர்த்தத்தை அழித்தே ஆக வேண்டும். வைகாசி, ஆவணி மாதிரி மாதங்களில் கேட்கவே வேண்டாம். டேப்பையும் அடுத்த கல்யாணத்துக்குத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஆக, ஸ்டூடியோவிலும் கடைசியில் மிஞ்சியது ஒரு தட்டுதான். பேனாவால் 'மாஸ்டர்' என்று எழுதிய தட்டு, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில். வாடிக்கையாளரிடம் இருந்ததற்கும் அதற்கும் ஒரு பைட்கூட வித்தியாசம் இல்லை என்பது வேடிக்கை.

இரண்டாவது, வருமானம். ஆர்டர் பேசும்போது பேரம் பேசிப் பேசிக் குறைத்த காசைக் கூடுதல் காப்பியில் எடுத்துக்கொள்வது ஒரு வியாபார வழக்கம். சித்தப்பா ஒளிக்காமல் சொன்னார், "அதுல தாண்டா டீச்செலவு வரும்." பிளேடை விற்பதற்காக ரேசரை மலிவாகக் கொடுக்கிற கதை. இதில் தப்பு சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் நான் எதிர்பார்க்காதது. பயம். ஃபைலைக் கொடுத்து, பார்ட்டி வீட்டில் அதைத் தப்பாக எழுதி, தட்டு ஓடாமல் போனால் யாரைத் திட்டுவார்கள்? ஸ்டூடியோவைத்தான். எழுதும்போது கரண்ட் போனால் தட்டு டம்ளர் வைக்கத்தான் ஆகும். 'பினிஷ்' செய்யாமல் விட்ட தட்டைப் பல பிளேயர்கள் கண்டுகொள்ளவே செய்யாது. இதையெல்லாம் போனில் விளக்குவதைவிட நாமே இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்தது. 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி அதில் 'வீடியோ பைரேட்' என்ற வகையையும் சேர்த்தது. திருட்டு வி.சி.டி. என்ற சொல் தினம் பேப்பரில் வந்த காலம். நல்ல கல்யாண சி.டி.யைக்கூட வரிசையாக ரைட்டர் வைத்து அடிக்கிற கடை என்றால் யாராவது ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சரி, பிறகு எப்படி மாறியது?

டி.வி.டி. வந்தது ஒரு காரணம். 1996-ல் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தாலும் நம் வீடுகளுக்கு வர இன்னும் பத்து வருடம் பிடித்தது. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது, அதன் பக்கத்தில் வைக்க மலிவான சீன டி.வி.டி. பிளேயர் எல்லா இடத்திலும் கிடைத்தது. அதே சமயம் மோசர் பேர் கம்பெனி 2007-ல் சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. (இந்தக் கம்பெனி 1983-ல் ஆரம்பித்தது டைம் ரெக்கார்டர் செய்வதற்காக. அப்புறம் பிளாப்பி, அப்புறம் சி.டி. கடைசியில் கடனில் மூழ்கி 2018-ல் கலைக்க உத்தரவானது.) 34 ரூபாய்க்கு முழு சினிமாவே கிடைக்கும்போது கல்யாண டி.வி.டி. காப்பிக்கு அதைப்போலப் பல மடங்கு கேட்டால் மச்சான் மாமன் எல்லாம் கேள்வி கேட்க மாட்டார்களா?

டி.வி.டி.யில் பிழை திருத்தத்தைத் துறக்கும் வேலையெல்லாம் இல்லை. எல்லா செக்டாரும் 2048 பைட். அதனால் மொத்தத் தட்டையும் ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. ஃபைலாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஐ.எஸ்.ஓ. என்ற பெயர் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டில் 'ஐ.எஸ்.ஓ. 9001' என்று போர்டு தொங்குமே, அதே ஜெனிவா அமைப்புதான். சி.டி.யில் ஃபைல்களை எப்படி அடுக்க வேண்டும் என்று 1988-ல் அவர்கள் போட்ட 9660 என்ற தர விதியிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது.

இங்கேயும் வெட்டி ஒட்டினால் வேலைக்கு ஆகாது. வீடியோ_டிஎஸ் ஃபோல்டருக்குள் வாப் ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி.க்கு மிகாமல் துண்டு துண்டாக இருக்கும். கூடவே ஐ.எஃப்.ஓ. என்ற குட்டி ஃபைல். மெனுவில் 'முகூர்த்தம்' என்பதை அழுத்தினால் எந்த செக்டாருக்குப் போக வேண்டும் என்ற விவரம் அதில். அது கெட்டுப்போனால் உதவ பி.யு.பி. என்று அதன் நகல் ஒன்று. மூன்றாவது வாப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோன உறவினர் தாலி கட்டும் காட்சியின் நடுவில் ஆரம்பித்துப் பந்தியின் நடுவில் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐ.எஸ்.ஓ. கொடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் அதை எழுத மென்பொருள் வேண்டுமே? விண்டோஸ் எக்ஸ்.பி.யில் சி.டி. எழுதலாம், ஐ.எஸ்.ஓ.வைத் தட்டாக மாற்ற அதற்குத் தெரியாது. 2005-ல் வந்த இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் கொஞ்சம் உதவியது. உண்மையான திருப்பம் 2009-ல் வந்த விண்டோஸ் 7. ஐ.எஸ்.ஓ. ஃபைல் மேல் டபுள் க்ளிக் செய்தால் 'தட்டில் எழுதட்டுமா' என்று அதுவே கேட்கும். நீரோ வேண்டாம், செட்டிங் வேண்டாம். ஸ்டூடியோக்காரரின் அந்த மூன்றாவது பயம் அங்கே பாதி செத்தது. ஹார்டு டிஸ்க்கும் அதற்குள் 500 ஜி.பி. ஆகிவிட்டதால் முதல் காரணமும் போச்சு. பென் டிரைவைக் கொடுத்தால் "அதுலயே போட்டுத் தர்றேங்க" என்று சொல்லும் காலம் அப்படித்தான் வந்தது. எங்கள் மாமா கம்பெனி ஆபீசில், பையரின் ஆர்ட் ஒர்க் சி.டி. எழுதுவதற்காக வைத்திருந்த ரைட்டரில், சொந்தக்காரர் கல்யாணம் இருபது காப்பி ஓடியிருக்கிறது.

தரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதில் இரண்டு மணி நேரம் ஏற்றினால் நொடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரம் திணித்தால் 3.5-தான். பேசிக்கொண்டிருக்கும் முகத்துக்கு அது போதும். ஆனால் அட்சதை தூவும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் பறக்கும். எம்பெக் முறைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. முந்தைய ஃபிரேமில் இருந்ததை வைத்து அடுத்ததை ஊகிப்பதுதான் அதன் பிழைப்பு. பறக்கும் அரிசியை எப்படி ஊகிக்கும்? உங்கள் வீட்டு டி.வி.டி.யில் சரியாகத் தாலி கட்டும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? தட்டு கெட்டுப்போகவில்லை. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான்.

இனி சட்டம். பி.காம். பாடத்தில் காப்பிரைட்டைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுகிறார்கள். 1957 காப்பிரைட் சட்டத்தின் 17-ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் சினிமாப் படத்துக்கும், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். சட்டத்தின் பார்வையில் கல்யாண வீடியோவும் 'சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்'தான். ஆக, பில் புத்தகத்தின் பின்னால் யாரும் படிக்காத எழுத்தில் வேறு ஏதாவது போட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் தவிர, மாஸ்டர் காப்பியின் உரிமை ஆர்டர் கொடுத்த வீட்டாருக்கு. துணி பார்ட்டியுடையது என்ற திருப்பூர் நியாயத்தைத்தான் 1957-லேயே டெல்லியில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஒரு 'ஆனால்' உண்டு. பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டு நம்முடையது ஆகாது. கல்யாண வீடியோவை யூட்யூபில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி உரிமை கோருவதும் சத்தம் போய்விடுவதும் அதனால்தான்.

உரிமை யாருடையதாக இருந்தாலும் தட்டு இருந்தால்தானே? கடையில் விற்ற சினிமா டிஸ்க் அச்சில் வார்த்தது. அதில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். நமக்கு ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்தது வேறு ரகம். அதில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. சாயம் என்றால் வெளுக்கும் என்று திருப்பூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயிலும் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. சி.டி.யில் இன்னொரு பலவீனம்: பளபளக்கும் உலோகப் படலம் மேல்புறத்தில், பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. நாம் பத்திரமாகப் பாதுகாத்தது அடிப்பக்கத்தை. ஸ்டூடியோக்காரர் ஆசையாக இதய வடிவில் ஜோடி போட்டோ ஸ்டிக்கர் ஒட்டியது மேல்பக்கத்தில். ஸ்டிக்கர் உரியும்போது படலமும் சேர்ந்து வந்துவிடும். டி.வி.டி. இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில் சாண்ட்விச் மாதிரி இருப்பதால் இந்த வகையில் கொஞ்சம் தேவலை.

எங்கள் அத்தை கல்யாணம் 2003-ல். மூன்று வி.சி.டி. அப்பாரு பேசுகிற ஒரே பதிவு அதில்தான் இருக்கிறது. அவர் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் போட்டோ நிறைய உண்டு, குரல் கிடையாது. மூன்றாவது தட்டில் பெரியவர்களிடம் மைக்கை நீட்டி வாழ்த்துச் சொல்லச் சொல்லும் பகுதி வரும். அதில் அரை நிமிடம் பேசுகிறார் என்று ஆத்தா சொல்லுவார். எடுத்த ஸ்டூடியோ இப்போது இல்லை. அந்தத் தட்டில்தான் ஸ்டிக்கர் பாதி உரிந்து, வெளி ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

போன பொங்கல் லீவில் யு.எஸ்.பி. டி.வி.டி. ரைட்டர் ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். முதல் இரண்டு தட்டும் சிரமமில்லாமல் இமேஜாக வந்தன. மூன்றாவதை அந்த ரைட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நண்பன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த டிரைவில் போட்டதும் முனகிக்கொண்டே படிக்க ஆரம்பித்தது (ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது இதில் சகஜம், உங்கள் வீட்டுத் தட்டையும் ஒரே டிரைவில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள்). சி.டி.யின் சுருள் நடுவில் ஆரம்பித்து வெளி ஓரம் நோக்கிப் போகும். ஓரத்தில் இருந்த வழியனுப்புதல் காட்சி மொத்தமும் போச்சு. உள்பக்கம் முப்பது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அப்பாரு அதற்குள் வருகிறார்.

படம் அங்கங்கே கட்டமாக உடைகிறது. குரல் பெரும்பாலும் நிற்காமல் வருகிறது. அதற்கும் காரணம் உண்டு. வி.சி.டி.யில் படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், சத்தத்துக்கு 224. தட்டில் படத்தின் பங்கு ஐந்து மடங்கு. கீறலும் ஐந்துக்கு ஒன்று என்கிற கணக்கில்தான் சத்தத்தின் மேல் விழும். "நல்லா இருங்க கண்ணு" என்கிறார், அப்புறம் பந்தியில் எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று யாரையோ கேட்கிறார், அவ்வளவுதான்.

இதே தட்டின் இமேஜை 2003-லேயே யாராவது ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தால் வழியனுப்புதலும் இருந்திருக்கும். 2300 எம்.பி.கூட வராது மூன்றும் சேர்த்து. இன்றைக்கு ஒரு சினிமா டவுன்லோடு அளவு.

உங்கள் வீட்டு பீரோவில் இப்படிப் பெட்டி இருந்தால் செய்ய வேண்டியது இது. வி.சி.டி. என்றால் பின், கியூ இமேஜாக எடுங்கள், அதை ஐ.எஸ்.ஓ.வாக எடுத்தால் மேலே சொன்ன 2324, 2048 தகராறில் மாட்டுவீர்கள். டி.வி.டி. என்றால் ஐ.எஸ்.ஓ. போதும். போனில் பார்க்க ஒரு எம்.பி.4 தனியாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இமேஜை அழிக்காதீர்கள். மாற்றும்போது தரம் ஒரு படி இறங்கும், இமேஜில் இறங்காது. ஸ்டிக்கரை உரிக்க முயலவே வேண்டாம். இரண்டு வெவ்வேறு வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம்; 2025 பிப்ரவரியோடு சோனியே எழுதும் ப்ளூ-ரே தட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது, புது லேப்டாப்பில் டிரைவைப் பார்த்து எத்தனை வருடம் ஆச்சு?

இப்போது கல்யாணம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய ஸ்டூடியோக்கள் டிரைவ் லிங்க் அனுப்புகிறார்கள். லிங்க் என்பது ஸ்டூடியோக்காரரின் அலமாரிதான். அவர் அக்கவுண்ட் நிரம்பினால் காலி செய்துவிடுவார். வந்த அன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் பேசும்போதே 'முழு ஃபைலும் எங்களுக்கு' என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

அத்தைக்கு மூன்று இமேஜையும், எம்.பி.4-ஐயும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்கு எதுக்குடா, நம்ம பிளேயர்ல ஓடற மாதிரி சி.டி.யா போட்டுக் குடு" என்றார். அவர் வீட்டு டி.வி.டி. பிளேயர் இன்னும் ஓடுகிறது. மூன்று வெற்று சி.டி. வாங்கக் குமரன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை.